பாதி டாயலுக்கு

ஒரு கையை வேதப்புத்தகத்தின் மேல் வைத்து, மறு கையை, பொய்ச் சத்தியம் செய்கிறவன் மாதிரி விரல் பின்னாமல், எல்லோரும் பார்க்கும்படி நீட்டிச் சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கெளுத்தி மீன் வரும் இடம் உட்பட.

நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெர்லின் ஹக்கபி, டார்லாவின் துப்பாக்கிக் கடையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எங்கள் மிசௌரி மலைப்பக்கத்தில் ஆண்கள் சர்ச்சிலும் சவ அடக்கத்திலும்தான் தொப்பியைக் கழற்றுவார்கள். கண்ணாடி மேசையில், பழைய துண்டு ஒன்றின் மேல், அது படுத்திருந்தது. இத்தாலியில் செய்தது. வாத்து சுடுவதற்கு அல்ல, போலீஸ்காரர்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவதற்கு என்று செய்த ஷாட்கன். கன்னங்கரேலென்று, எருமைக்கன்று மாதிரி கனம். தோளில் வைக்கிற கட்டை இரும்பு. அது மடங்கி முதுகின் மேல் படுத்துக்கொள்ளும், நுனியில் ஒரு கொக்கி இருக்கும். அந்தக் கொக்கி எதற்கென்று எங்கள் ஊரில் முப்பது வருடமாக விவாதம் நடக்கிறது, இன்னும் முடியவில்லை. இந்த மாதிரி நாட்டுக்குள் வந்ததே கொஞ்சம்தான். பிறகு அரசாங்கம் வரவைத் தடுத்துவிட்டது. அதற்குப் பிறகு இதை வைத்திருப்பவன் செத்தால்தான் அடுத்தவன் கைக்கு வரும்.

அப்படியொன்றை முப்பது வருடத்துக்கு முன்னால் வெர்லினும் அவன் சிநேகிதன் டாயல் பர்கெட்டும் பாதிப்பாதி போட்டு வாங்கினார்கள். ஒருவன் தனியாக வாங்குகிற சரக்கு இல்லை அது. முன்பாதி வெர்லினுடையது, பின்பாதி டாயலுடையது என்று அடிப்பக்கத்தில் இரண்டு பேர் முதலெழுத்தையும் ஆணியால் கீறிக்கொண்டார்கள். ஒரு மாதம் இவன் வீட்டில், ஒரு மாதம் அவன் வீட்டில். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சர்ச் வாசலில் வண்டியின் பின்கதவைச் சாய்த்து வைத்து, போர்வையில் சுற்றிய அதைக் கைமாற்றுவார்கள். போதகர் அதைப் பார்த்து, ஞானஸ்நானத்துக்குக் கூட இவ்வளவு பயபக்தியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரும் வந்ததில்லை என்பார்.

நான்காவது வருடம் வாத்து வேட்டையில், கானர் ஏரியின் நடுவில், வெர்லின் காபி பிளாஸ்கை எடுக்கப் படகில் எழுந்து நின்றான். படகு கவிழ்ந்து, துப்பாக்கி தண்ணீருக்குள் போனது. வெர்லினுக்கு நீச்சல் தெரியாது. கவிழ்ந்த படகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். டாயல் மூன்று தடவை முங்கினான், மூன்று தடவையும் வெறுங்கையோடு வந்தான். நான்காவது தடவை முங்காமல் வெர்லினைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தான். அந்த ஞாயிறு சர்ச் வாசலில், ஊர் பார்க்க, "என் பாதியையும் சேத்து முக்கிட்டியேடா, ஒரு காபிக்கு!" என்று டாயல் கத்தினான். வெர்லின் பதிலுக்கு, "அப்ப என்னை விட்டுட்டு அதைத் தூக்கியிருக்க வேண்டியதுதானே!" என்றான். டாயல் ஏரியில் நீளக் கம்பும் கொக்கியுமாக நாலு நாள் துழாவினான். ஐந்தாம் நாள் போகவில்லை. பேச்சு நின்றது. இருபத்தாறு வருடம் நின்றது. பேசாமல் இருக்கிற மனிதர்களுக்காக ஊர் பேச வேண்டியிருக்கிறது, அதனால் ஏரியில் இருக்கிற பெரிய கெளுத்தி அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது என்று பேச ஆரம்பித்தார்கள். வாத்துகள் அந்த ஏரியில் இறங்காமல் சுற்றிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கரிச்சூளையில் வேலை செய்த டாயலின் நுரையீரல் கைவிட்டது. ஆக்ஸிஜன் உருளையை இழுத்துக்கொண்டு அவன் மளிகைக்கடையில் நிற்பதை வெர்லின் பால் அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தான். அன்றிலிருந்து தேட ஆரம்பித்தான். டல்சா துப்பாக்கிச் சந்தையில் மேசை மேசையாக நடந்து பூட்ஸ் தேய்ந்து, அரை அங்குலம் குள்ளமாகி வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி ரூத்தே நிலைக்கதவில் நிறுத்தி அளந்து பார்த்தாள். கான்சாஸில் ஒருவன் இருக்கிறதென்றான்; நானூறு மைல் போனால் துருக்கியில் செய்த நகல். இன்னொருவன் படம் அனுப்பினான், படத்திலும் பாதித் துப்பாக்கிதான் இருந்தது. கடைசியில் ஜாப்ளினில் செத்துப்போன ஒரு பல் டாக்டரின் மனைவி, அவர் அலமாரியைக் காலி செய்தபோது, அது நேராக டார்லாவின் கடைக்கே வந்து சேர்ந்தது. அந்தக் கோடையில் டாயலின் மனைவி நாடீன் ரூத்திடம், கிறிஸ்துமஸ் தாண்டுவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லியிருந்தாள். துப்பாக்கிப் பணத்துக்காக வெர்லின் தன் படகை விற்றான்.

டார்லா படிவத்தை நீட்டினாள். முதல் பக்கத்திலேயே அந்தக் கேள்வி இருந்தது: இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா? இன்னொருவருக்காக வாங்கினால் அது நீங்கள் அல்ல என்று கீழே தடித்த எழுத்தில் எச்சரிக்கை. துப்பாக்கி வாங்குகிற எவனும் அந்த இடத்தில் யோசிப்பதில்லை. தும்முகிற மாதிரி 'ஆம்' போட்டுவிட்டுப் போவான். வெர்லின் சர்ச்சில் டீக்கன், போதகருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்து, 'இல்லை' என்று குறித்தான்.

"ஐயய்யோ, டீக்கனய்யா, என்ன பண்ணிட்டீங்க?"

"உண்மையத்தான் போட்டேன். இது டாயலுக்கு."

"அன்பளிப்பா குடுக்கிறதுன்னா ஆமான்னு போடலாம். அது சட்டம். கீழ போட்டிருக்கு பாருங்க."

"எனக்குச் சொந்தமானதக் குடுத்தாத்தான்மா அன்பளிப்பு. இது அவனுது. பாதியாவது அவனுது."

"அப்ப பாதிக்கு ஆமான்னு போடுங்க!"

"பாதிக்குக் கட்டம் இல்லியே."

டார்லா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க இல்லைன்னு போட்டத என் கண்ணால பாத்துட்டேன். இதுக்கு மேல வித்தா என் லைசென்ஸ் போயிரும். அவரையே கூட்டிட்டு வாங்க. அவரு வாங்கட்டும்."

இருபத்தாறு வருடமாகப் போகாத டாயல் வீட்டுச் சரளைக்கல் பாதையில் வெர்லின் அன்றே வண்டியை விட்டான். வாசல் நாற்காலியில் டாயல் மூக்கில் குழாயோடு, மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். இளைத்து, கழுத்து மட்டும் நீண்டுபோயிருந்தது. வெர்லின் வழியெல்லாம் மூன்று மன்னிப்பு தயார் செய்திருந்தான்; டாயல் முந்திக்கொண்டான்.

"யாரு, ஏரியில குளிக்கப் போன ஆளா?" என்றான் டாயல்.

"துப்பாக்கி கெடச்சிருச்சுடா."

டாயலின் முகம் வெளுத்தது. கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. "எங்க கெடச்சுது?" என்றான், மெதுவாக.

"ஜாப்ளின்ல. ஒரு பல் டாக்டர் வச்சிருந்தாராம். நம்மளுது இல்ல. அதே மாதிரி."

டாயல் ரொம்ப நேரம் மூச்சு வாங்கினான். நுரையீரல்காரனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று வெர்லின் நினைத்துக்கொண்டான். "மூணு வருஷமா நீ தேடுறன்னு நாடீன் சொன்னா," என்றான் டாயல். "பைத்தியக்காரா. அத்தன வருஷத்துல நீ நீச்சல் கத்திருக்கலாம்." பிறகு, எழுப்பிவிடச் சொல்லிக் கையை நீட்டினான்.

வண்டியில் பாதி வழியில் டாயல், "வெர்லின், அந்த ஏரி விஷயம்..." என்று ஆரம்பித்தான்.

"ஏரிய விடு."

"இல்லடா, ஒன்னு சொல்லணும்..."

"செத்தவன் வீட்டுக்குப் போற மாதிரி பேசாத. ஏரிய விடுன்னா விடு."

டாயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். உருளை இருவருக்கும் நடுவில், மூன்றாவது ஆள் மாதிரி, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு வந்தது.

கடையில் அந்த இரும்புக் கட்டையை மடக்க டார்லா காலையிலிருந்து போராடிக்கொண்டிருந்தாள். ஒரு பித்தானை அழுத்திக்கொண்டே மேலே தூக்கி இடப்பக்கம் ஒரு தட்டுத் தட்ட வேண்டும்; வெர்லினுக்கே மறந்துவிட்டது. டாயல் வாங்கி, பார்க்கக்கூட இல்லை, விரலாலேயே 'டக்' என்று மடக்கினான். கை எதையும் மறப்பதில்லை என்று வெர்லின் டார்லாவிடம் பெருமையாகச் சொன்னான். டாயல் படிவத்தை நிரப்பினான். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற இடத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, 'ஆம்' போட்டான். டார்லா குற்றப் பதிவு சரிபார்க்க அரசாங்கத்துக்குப் போன் செய்தாள். போகட்டும், கூடாது, பொறுங்கள் என்று மூன்றில் ஒன்று சொல்வார்கள். பொறுங்கள் என்றார்கள். ஆர்க்கன்சாவில் இன்னொரு டாயல் பர்கெட் பதினோரு மாடு திருடியிருந்தான்.

"மூணு வேலை நாள். நடுவுல நன்றிநாள் லீவு, சனி, ஞாயிறு," என்றாள் டார்லா. "அடுத்த செவ்வாய் வாங்க."

"நான் எங்கயும் போகப் போறதில்ல," என்றான் டாயல். "மாட்டை மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

திரும்பும் வழியில் இருவரும் பெக்கான் பை என்கிற இனிப்புப் பலகாரம் வாங்கி வண்டியிலேயே சாப்பிட்டார்கள். முறை பேசினார்கள். "டிசம்பர் உனக்கு. ஜனவரி எனக்கு," என்றான் வெர்லின்.

"டிசம்பரும் நீயே வச்சுக்க."

"முடியாது. முறைன்னா முறை. ஜனவரி மொத ஞாயிறு, சர்ச் வாசல்ல. பழைய எடம்."

"சரி," என்றான் டாயல். "பழைய எடம்."

சனிக்கிழமை, மதியச் சூப்பு ஆறிக்கொண்டிருக்கும்போது, டாயல் நாற்காலியிலேயே போய்விட்டான். திங்கட்கிழமை மாலை கடைக்குப் போன் வந்தது: போகட்டும். ஆர்க்கன்சா மாட்டுக்காரன் வேறு ஆள். டார்லா அந்தத் தாளை வெர்லினிடம் காட்டக்கூடாது என்றுதான் நினைத்தாள், காட்டினாள்.

அடக்கம் முடிந்த பிறகு அவளே புதிய படிவம் ஒன்றை எடுத்து வைத்தாள். "இப்ப யாருக்காகவும் இல்லையே, டீக்கனய்யா. இப்பவாவது ஆமான்னு போடுங்க." வெர்லின் உட்கார்ந்தான். பேனாவை எடுத்தான். பெயர் எழுதினான், பிறந்த தேதி எழுதினான். அந்தக் கேள்விக்கு வந்து நின்றான். கடை மூடுகிற நேரம் வரை நின்றான். பிறகு பேனாவை மூடி வைத்து, துண்டை இழுத்துத் துப்பாக்கியின் மேல் போர்த்திவிட்டுப் போனான். அது இன்னமும் உள்ளறையில், டாயலின் பெயர் எழுதிய அட்டையோடு நிற்கிறது.

ஜனவரி முதல் ஞாயிறு பனி பெய்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். வெர்லின் தன் வண்டியின் பின்கதவைச் சாய்த்து, பனியைக் கையால் துடைத்து, மடித்த போர்வை ஒன்றை விரித்து வைத்தான். பக்கத்தில், பழைய இடத்தில், ஒரு வண்டி நிற்கும் அளவு விட்டிருந்தான். ரூத் உள்ளே உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். போர்வையின் மேல் பனி விழுந்துகொண்டே இருந்தது. விழ விழ அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அதற்கு அடுத்த வாரம், டாயலின் கட்டிலை நகர்த்திய நாடீன், அதன் அடியில் போர்வையில் சுற்றி, புது எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த ஒரு இத்தாலியத் துப்பாக்கியை எடுத்தாள். அதன் அடிப்பக்கத்தில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் இருந்தன.