துஷ்டி சொல்கிறவர்

உமாராணிக்குப் புள்ளிகளும் கோடுகளும் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. ஆயுதக் குழு ஒன்றைப் பற்றிய விசாரணைக்காக போலீஸ் அனுப்பும் போன் விவரங்களை அவள் வலையாக வரைவாள். பெயரோ எண்ணோ இருக்காது, ஆளுக்கொரு குறியீடுதான். ஆள் ஒரு புள்ளி, பேச்சு ஒரு கோடு.

அந்த வலையில் ஒரு புள்ளி நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். திடீரென்று ஒருநாள் மும்பை, விளாத்திகுளம், கொழும்பு என்று வரிசையாகப் போன் போடும். எல்லாம் அரை நிமிடப் பேச்சு. குழுவைச் சேர்ந்த ஒருவன் வெடிமருந்து கையாளும்போது செத்த அன்றும் அப்படித்தான். கட்டளை போடுகிறவன் இவன்தான், இவனைப் பிடித்தால் வலை அறுந்துவிடும் என்று உமாராணி எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி பாராட்டியதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமே ஆளைப் பிடித்துவிட்டதாகத் தகவல் வந்தது.

மறுநாள் காலை உடன்குடியிலிருந்து அம்மாவின் போன்.

“ஏளா உமா, அப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாவ. காப்பி குடிச்சிட்டு இருக்கும்போதே சாஞ்சிட்டாவ.” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “துஷ்டி சொல்லக்கூட ஆளு இல்ல. வன்னியபெருமாள் அண்ணாச்சியத் தீவிரவாதின்னு நேத்து போலீசு புடிச்சிட்டுப் போயிட்டு.”

உமாராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரில் யார் செத்தாலும் வன்னியபெருமாள்தான் சேதி சொல்வார். வெளியூர்களில் கடை போட்டுப் பிழைக்கிற ஊர்க்காரர்களின் எண்ணெல்லாம் அவரிடம் இருக்கும். “இன்னார் தவறிட்டாவ. நாலு மணிக்கு எடுக்காவ.” அவ்வளவுதான், அரை நிமிடத்தில் அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விடுவார். வெடித்துச் செத்தவனுக்கு அம்மா வழி இந்த ஊர்தான். அவன் சாவையும் இவர்தான் சொல்லியிருப்பார். செத்தவனிடம் நல்லவன் கெட்டவன் பார்க்கிற ஆளில்லை. பாவி நான், அந்தத் தேதிகளில் ஊரில் யார் செத்தார்கள் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஊருக்குப் போகும் பேருந்திலிருந்தே, வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள்.

“சார், நான் தப்பா எழுதிட்டேன். அவரு துஷ்டி சொல்லுத மனுசன்.”

“நீங்க எழுதுனத நம்பித்தான மேடம் தூக்குனோம்? ரிமாண்ட் ஆயாச்சு. இனி கோர்ட்ல வந்து சொல்லுங்க.”

“வந்து சொல்லுதேன் சார்,” என்றாள். அதுவரை அவர் உள்ளேதான் இருக்கவேண்டும்.

வீட்டுமுன் பந்தல் போட்டிருந்தது. நாற்காலிகள் காலி. தெருப் பெண்கள்தான் வந்திருந்தார்கள்; ஆண்களெல்லாம் வெளியூர்க் கடைகளில். அம்மாவின் போனில் இருந்த நாலைந்து பேருக்குச் சொல்லியாயிற்று. அப்பாவின் போனைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை.

“போன் நம்பர வச்சித்தான் வேலன்னு சொல்லுவியே, அப்பா கூட்டாளிமாரு நம்பர் ஒங்கிட்ட இருக்கா?” என்று அம்மா கேட்டாள்.

அத்தனை பேரும் அவள் வரைந்த படத்தில் வெறும் புள்ளிகளாக இருந்தார்கள். நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு சாவின்போதும் அப்பாவுக்கும் ஒரு கோடு போயிருக்கும். அதில் எந்தப் புள்ளி அப்பா என்று அவளுக்குத் தெரியாது.

“இல்லம்மா,” என்று சொல்லி அழுதாள்.

நாலு மணிக்கு அப்பாவை எடுத்தார்கள். தூக்க ஆள் போதாமல், பந்தல் போட வந்தவர்கள் தோள் கொடுத்தார்கள்.