கண்ணீர் வராத புத்தகம்

பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அழுமூஞ்சிகளையே பார்த்துவிட்டு வருகிற நர்ஸுக்குச் சிரிப்புக் காதல் நாவல்தான் உயிர். அதற்காகக் கண்டதையெல்லாம் படிக்க மாட்டாள். நாயகி தடுக்கி விழுந்து நாயகன் தாங்கிப் பிடித்தால், அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவாள். வாயாடி நாயகி கிடைத்துவிட்டாலோ சோறு தண்ணி மறந்துபோகும்.

நறுக்காத வெங்காயத்துக்கு முன்னால் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, சோக நாவல் மட்டுமே படிக்கிற அண்ணி உதட்டைப் பிதுக்கினாள்.

"இதெல்லாம் ஒரு புத்தகமா? படிச்சா ஒரு சொட்டுக் கண்ணீர் வருமா?"

நர்ஸ் அசரவில்லை. வெங்காயக் கூடையை அண்ணி பக்கம் தள்ளினாள்.

"கண்ணீருக்கு இதுவே போதும் அண்ணி. சிரிக்க வைக்கத்தான் எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும். பொடிசா நறுக்குங்க, நான் இந்த அத்தியாயத்தை முடிச்சிடறேன்."