நுனி கிள்ளிய சாமந்தி

சுரங்க டவுன்ஷிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கொளஞ்சிநாதன் மகள் நந்தினி தோட்டக்கலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது தமயந்தி சிரித்தாள். "செடிக்குத் தண்ணி ஊத்தவா நாலு வருஷம் படிக்கணும்?" என்று பிளாக் முழுக்கக் கேட்டு வைத்தாள். அதற்கு முந்தைய வருஷம் அவள் மகன் அருளுக்கும் அதே படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அவன் கெஞ்சியும் இவள் மசியவில்லை. மைன்ஸ்காரர் பிள்ளை தோட்டக்காரனாவதா என்று மெக்கானிக்கலில் தள்ளிவிட்டாள். இன்று அவன் மைன்ஸில் கான்ட்ராக்ட். பர்மனன்ட் என்ற பேச்சே இல்லை. நந்தினியோ பட்டம் முடித்து மேல்படிப்புக்கும் இடம் வாங்கிவிட்டாள்.

தமயந்திக்கு வயிறு எரிந்தது. பச்சைப் பொறாமைதான், அதற்கு நாகரிகமான பெயர் எதுவும் கிடையாது. அந்தப் பெண் ஜெயிக்க ஜெயிக்க, பெற்ற பிள்ளையின் வாழ்க்கையைத் தானே கெடுத்துவிட்டதாக ஆகிவிடுமே என்ற பயம் வேறு. இந்த லட்சணத்தில், டவுன்ஷிப் மலர்க் கண்காட்சிக்கென்று நந்தினி வாசலில் துலுக்கச் சாமந்திப் பாத்தி போட்டிருந்தாள். செடிகள் தளதளவென்று வளர்ந்து, நுனியில் மொட்டுக் கட்ட ஆரம்பித்திருந்தன. பரிசும் அவளுக்கே போய்விட்டால் பிளாக்கில் தலைகாட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நந்தினி வீட்டார் காதுகுத்துக்குக் காடாம்புலியூர் போயிருந்தார்கள். தமயந்தி வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். ஒரு செடி விடாமல் நுனியை மொட்டோடு கிள்ளி எறிந்தாள். இனி எப்படிப் பூக்கிறது பார்க்கலாம். கிள்ளக் கிள்ள அவளுக்கு மனசு குளிர்ந்தது.

மறுநாள் காலை நந்தினி வந்து நின்றாள். தமயந்தி முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அருள் அண்ணன் இருக்காருங்களா? தேங்க்ஸ் சொல்லணும்."

"எதுக்கு?"

"செடிக்கெல்லாம் நுனி கிள்ளி வுட்டிருக்காரு. நான் செய்யணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். அப்பத்தான் பக்கத்துல கிளை வெடிச்சி நெறைய பூ வரும். கண்காட்சிக்குச் சரியா பூத்துடும்."

"அருளுன்னு எப்படிச் சொல்லுதே?" பதற்றத்தில் தமயந்திக்குப் பிறந்த ஊர்த் திருநெல்வேலிப் பேச்சு தானாக வந்துவிட்டது.

"இங்க வேற யாருக்குங்க தெரியும்? ஒவ்வொரு செமஸ்டரும் என் புக்கையெல்லாம் வாங்கிப் படிச்சாரே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. முன்பு காலேஜ் விட்டும் இப்போது ஷிப்ட் முடிந்தும் வந்து கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளை தூங்குகிறான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

அவர்கள் பேசியதைக் கேட்டு அருள் உள்ளேயிருந்து வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அதிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆமா நந்தினி, நான்தான் கிள்ளுனேன்" என்றான்.

அவள் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்தான். பிறகு, "நேத்துப் பகல் பூரா நான் ஷிப்ட்ல இருந்தேம்மா" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "செடின்னா கிள்ளுனாலும் கிளைச்சிக்கும்."

 அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.