ஹீட்டரில் சுட்ட கத்தரிக்காய்

ரூம் ஹீட்டரைக் கொடுங்கள் என்று மகா கேட்டபோது, குளிருக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் மாடியில் இரண்டு வீடுகள். ஒன்றில் நான். எதிர் வீட்டில் கிஷோரும் அவன் மனைவி மகாவும். கீழே வீட்டுக்காரர் கோவிந்தப்பா. அது தொண்ணூற்றெட்டு டிசம்பர். கேஸ் புக் செய்து பதினெட்டு நாளாகியும் மகாவுக்கு சிலிண்டர் வரவில்லை. ரேஷன் கார்டு ஊரில் இருந்ததால் மண்ணெண்ணெயும் கிடையாது. என் சிலிண்டரை முன்பே அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தேன். அதுவும் தீர்ந்துவிட்டது. என் மனைவி சிந்து இறந்து ஏழு மாதமாக நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். எனக்கு அடுப்பு தேவைப்படவில்லை.

"கேஸ் வர்ற வரைக்கும்தான் அண்ணா. அதுல ஏதாச்சும் சுட்டுக்கறோம்," என்றாள் மகா.

"ஹீட்டர்ல என்ன சுடுவ?"

"அப்பளம், கத்தரிக்காய் எல்லாம் சுடலாமே. சிந்து அக்கா சுடுவாங்களே."

"எப்ப?"

"மதியத்துல. நீங்க ஆபீஸ் போனப்புறம்." சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியாதா அண்ணா?"

தெரியாது. கல்யாணமான மூன்றாம் நாள், கத்தரிக்காய் எனக்கு ஆகாது, அந்த வாசனையே வீட்டில் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சிந்து சரி என்றாள். மூன்று வருடம் எங்கள் வீட்டுக்குள் கத்தரிக்காய் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஹீட்டரைக் கேட்டது அவள்தான். வேலூர்க்காரிக்கு இந்தக் குளிர் தாங்காது என்றாள். போனஸ் பணத்தில் வாங்கினேன்.

"குளிருக்குன்னுதானே கேட்டா?"

"குளிருக்கும்தான் கேட்டாங்க," என்றாள் மகா.

"ஹீட்டர் ரிப்பேர்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சிந்துவோடு எனக்குக் கிடைத்தது காலையில் ஒரு மணி நேரம், ராத்திரியில் மூன்று மணி நேரம். மதியம் முழுவதும் மகாவுக்கு. கடைசி மதியமும் அவளுக்குத்தான். தலை வலிக்கிறது என்று சிந்து சரிந்தபோது பிடித்தது மகா. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனதும் மகா. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்காக அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அவள்மீது பொறாமையும் பட்டிருக்கிறேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கத்தரிக்காயும் அவளுக்கு. சிந்து அந்த ஹீட்டரில் செய்ததை, மகாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் செய்துவிட வேண்டும். அதுவரை ஹீட்டர் எதிர் வீட்டுக்குப் போகக்கூடாது.

சனிக்கிழமை ஆரம்பித்தேன். வீட்டில் ஒரே ஒரு பவர் பிளக். கீசருக்காகக் குளியலறை வாசலில் வைத்தது. ஹீட்டரின் வயர் குட்டை. எனவே சமையல் குளியலறை வாசலில்தான். ஹீட்டரை மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்தேன். கம்பிவலை மேலே வந்தது. ஸ்விட்ச் போட்டதும் உள்ளே இரண்டு காயில் சுருள்களும் சிவந்தன. பக்கத்தில் பக்கெட்டும் மக்கும்.

முதலில் அப்பளம். கம்பி பட்ட இடம் கறுத்தது. மற்ற இடம் பச்சையாக இருந்தது. அடுத்து தோசைக்கல்லை ஏற்றினேன். அது சூடாக அரைமணி நேரம் பிடித்தது. மாவை ஊற்றினேன். தோசை வேகவில்லை, காய்ந்தது. பிறகு ஒரு முட்டையைக் குழிக்கரண்டியில் உடைத்து ஊற்றிப் பிடித்தேன். கரண்டிக் காம்புதான் முதலில் சுட்டது. கையை உதறினேன். முட்டை வலைக்குள் இறங்கிக் காயிலில் விழுந்தது. அங்கே உடனே வெந்தது.

நாற்றத்துக்குக் கிஷோர் வந்து எட்டிப் பார்த்தான்.

"சார், ரிப்பேர்னு சொன்னீங்களாமே?"

"ரிப்பேர்தான் பண்ணிட்டிருக்கேன்."

"முட்டை போட்டா?"

அவன் வீட்டுக்குள் போய் மகாவிடம் ஏதோ சொல்வதும், இருவரும் சிரிப்பதும் கேட்டது. ஒரு வீட்டில் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம். கதவைச் சாத்திவிட்டு ஊசியால் காயிலைச் சுரண்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் வாங்கப் போனேன். வாழ்க்கையில் முதல்முறை. தெருமுனையில் தள்ளுவண்டி வைத்திருக்கும் எல்லம்மாவிடம் பெரியதாக ஒன்று கொடு என்றேன்.

"அட, நீயா சார் கத்தரிக்காய் வாங்கற?" என்றாள். "உன் வீட்டுக்காரம்மா வாங்கினா பையில அடியில போட்டு, மேல கீரையை வெச்சு மூடிப்பாங்க. ஏம்மா திருடிக்கினு போற மாதிரி போறியேன்னு கேப்பேன். சிரிக்கும், பாவம்."

எல்லம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. காசைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் வந்துவிட்டேன்.

காயைக் கழுவித் துடைத்து முழுதாக வலைமேல் வைத்தேன். இரண்டு காயிலையும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தோல் சுருங்கியது. வாசனை வந்தது. எனக்குப் பிடிக்காத அதே வாசனை. இந்த வாசனையை எப்படி மறைத்தாள்? ஜன்னலைத் திறந்து வைத்தாளா, ஊதுவத்தி கொளுத்தினாளா? சாயங்காலம் நான் வரும்போது வீட்டில் ஊதுவத்தி மணக்கும். பக்தி என்று நினைத்திருந்தேன்.

அப்போது கத்தரிக்காய் டப்பென்று வெடித்தது. பாதி சுவரில் ஒட்டியது. கொஞ்சம் என் சட்டையில். காம்பு பக்கெட்டுக்குள் விழுந்தது. அதே சமயம் கரண்டும் போனது.

இரண்டு நிமிடத்தில் கோவிந்தப்பா மேலே வந்தார். இடுப்பில் துண்டு. தலை முழுக்க சோப்பு நுரை.

"ஏனு சார் இது? குளிச்சிட்டிருக்கேன், ஃபியூஸ் போயிருச்சு. தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு!" என்றவர் மூக்கை உறிஞ்சினார். "பதனேகாயி... கத்தரிக்காய் சுடறீங்களா?"

"ஆமா."

"ரெண்டு காயிலும் போட்டீங்களா? நான் கீசர் போட்டிருக்கறப்பவா? எப்படி சார் தாங்கும்! உங்க மிஸஸ் ஒரே காயில்தான் போடுவாங்க. ஒரு தடவைகூட ஃபியூஸ் போனதில்ல. எனக்கும் ஒரு கிண்ணம் வரும்."

"உங்களுக்குமா?"

"வெங்காயம், தயிரு எல்லாம் போட்டு. ஆஹா!" கண்ணில் நுரை இறங்கியது. துடைத்துக்கொண்டார். "ஒள்ளே பொண்ணு சார் அது. ரொம்ப நல்ல பொண்ணு."

எதிர் வீடு, தள்ளுவண்டி, கீழ்வீடு. கத்தரிக்காய் விஷயம் தெரியாத ஒரே ஆள் நான்தான். அவள் ஒரு தெருவுக்கே பங்கு போட்டிருக்கிறாள். நான் வேண்டாம் என்று சொன்னேன் என்பதற்காக எனக்கு மட்டும் இல்லை. கோபப்படவும் முடியவில்லை. நான்தானே சொன்னேன்.

ஃபியூஸ் கட்டியதும் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மகா திறந்தாள். என் சட்டையைப் பார்த்தாள்.

"வெடிச்சுதா அண்ணா?"

"ம்."

"குத்தாம வெச்சா வெடிக்கும். அக்காவுக்கும் முதல் தடவை வெடிச்சுது. ரெண்டு பேரும் சுவரைத் தேய்ச்சு தேய்ச்சு..." நிறுத்திக்கொண்டாள்.

"எப்படின்னு சொல்லு," என்றேன். அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை.

அவள் வீட்டிலேயே ஒரு பெரிய காய் இருந்தது. எடுத்து வந்தாள். கிஷோரும் பின்னால் வந்தான். மூவரும் குளியலறை வாசலில் உட்கார்ந்தோம். ஃபோர்க்கால் சுற்றிலும் குத்தினாள். எண்ணெய் தடவினாள். ஒரு காயிலை மட்டும் போடச் சொன்னாள். காம்பைப் பிடித்துத் திருப்பக் கை நீட்டினாள்.

"நான் திருப்பறேன்," என்றேன்.

"சுடும் அண்ணா."

"சுடட்டும்."

"இப்ப வேண்டாம். தோல் சுருங்கட்டும். இப்ப... இப்ப திருப்புங்க."

அவள் சொல்லச் சொல்லத் திருப்பினேன். இந்த இடத்தில்தான் சிந்துவும் உட்கார்ந்திருப்பாள். நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலா, மகா உட்கார்ந்திருக்கும் இடத்திலா? கேட்கவில்லை. கேட்டால் மகாவுக்குத் தெரிந்தவற்றில் இன்னும் ஒன்று கூடும்.

காய் தொய்ந்து அமுங்கியது. தோலை உரித்து மசித்தோம். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, தயிர். கிஷோர் முதல் ஆளாக எடுத்துச் சாப்பிட்டு, "செம சார்," என்றான். நானும் ஒரு வாய் போட்டேன். புகை வாசனை. கொழகொழவென்று இருந்தது. நாக்கு அரித்தது. பிடிக்கவில்லை. இன்னொரு வாய் போட்டேன். அதுவும் பிடிக்கவில்லை. இதற்காகவா அவள் பையில் கீரையை வைத்து மூடினாள்?

மகா ஒரு வாய்தான் சாப்பிட்டாள். அப்படியே அழ ஆரம்பித்தாள். மறைக்கவில்லை. மூக்கு ஒழுக, கையில் தயிரோடு, சத்தமாக அழுதாள். கிஷோர் அவள் முதுகைத் தடவினான்.

எனக்கு ஏழு மாதத்தில் ஒரு நாளும் அப்படி அழுகை வந்ததில்லை. அவளுக்கு ஒரு வாய் கத்தரிக்காயில் வந்துவிட்டது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி அண்ணா. கேஸ் வர்ற வரைக்கும் ஹீட்டரை..."

"ஹீட்டர் இங்கேதான் இருக்கும்."

கிஷோர் எழுந்தான். "விடு மகா. வா போலாம்."

"நீங்க இங்க வந்து சுட்டுக்கோங்க," என்றேன். "தினமும் வாங்க. ஆனா மதியத்துல வேண்டாம். நான் வீட்டுல இருக்கறப்ப."

மகா என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் கத்தரிக்காய் ஆகாதே அண்ணா?"

"ஆகாது. இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சு சுடு. சுடறப்ப அவ என்ன பேசுவான்னு சொல்லு. ஒரேயடியா சொல்லாத. கொஞ்சம் கொஞ்சமா."

கிஷோர் மறுபடி உட்கார்ந்தான். தட்டில் பாதி மீதி இருந்தது. அதை நான் மகா பக்கம் நகர்த்தவில்லை. அவளே எட்டி எடுத்துக்கொண்டாள்.