ஜொஹானாவின் ஆள்

1994இல் நாங்கள் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் பேர்ணடெற்றின் வீட்டு பேஸ்மென்ற்றில் வாடகைக்குக் குடியிருந்தோம். ஒருநாள் அவள் கையில் ஒரு கடிதத்தோடு கீழே இறங்கி வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கப்பலேறிய மைக்கேல் கின்ஸெல்லாவின் சந்ததியார் அந்தக் கோடையில் பக்கத்து ஊரான விட்பியில் ஒன்றுகூட இருந்தார்கள். பேர்ணடெற்றின் பூட்டன் பற்றிக்கும் கின்ஸெல்லாதான். ரொறன்ரோ பவர் வீதியில் குதிரைவண்டி ஓட்டியவர். அவர் மைக்கேலின் கூடப்பிறந்தவர் என்று அவளுடைய தகப்பன் சாகும்வரை சொல்லிவந்தார். அத்தாட்சி இல்லாதவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று அவர்களுடைய குடும்பச் சங்கத்தின் தலைவர் எழுதியிருந்தார்.

"என் அப்பாவைப் பொய்யர் என்கிறார்கள், சந்திரவதனா" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொந்தம் என்று வருகிறவளிடம் பேப்பர் கேட்பதா? அகதி விசாரணையில் நாங்கள் பட்டது போதாதா?

ஒன்பது வருடமாக அவள் பற்றிக்கின் மரண அறிவித்தலைத்தான் தேடியிருக்கிறாள். அகப்படவில்லை. நானோ ஒரு தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவித்தல் அடிக்கிறவள். செத்தவருக்கு ஒரு வரி, சொந்தங்களுக்குப் பத்து வரி என்பது எனக்குத் தெரியும்.

கடிதத்தோடு அவர்களுடைய வம்ச வரைபடமும் வந்திருந்தது. மைக்கேலுக்குப் பக்கத்தில் தங்கை ஜொஹானா. கெலி என்பவரைக் கட்டியவள், 1891இல் இறந்தவள். கீழே 'பிள்ளைகள் இல்லை' என்று போட்டு, கிளைக்கோட்டை அதோடு வெட்டியிருந்தார்கள்.

"இவளைத் தேடினாயா?"

"எதற்கு? அவளோடு அந்தக் கிளை முடிந்துவிட்டதே."

"பிள்ளை இல்லாதவளின் அறிவித்தலில்தான் சகோதரங்களின் பெயர் ஒன்றுவிடாமல் வரும். வேறு யாரைப் போடுவது?"

 எனக்கும் பிள்ளையில்லை.

மூன்று சனிக்கிழமை நூலகத்தில் பழைய பத்திரிகைகளின் மைக்ரோபிலிம் சுருள்களைச் சுற்றிப் பார்த்தோம். கண் பூத்துப்போனது. என் அவர், அன்புராசா, விடுவாரா?

"நூறு வரியம் பிந்திச் செத்தவீட்டுக்குப் போறாய். இன்னும் என்ன அவசரம்?"

"பேசாமல் சோத்தைப் போட்டுச் சாப்பிடுங்கோ."

மூன்றாம் சனிக்கிழமை, 1891 நவம்பர் மாதத்துப் பத்திரிகையின் ஒரு மூலையில் அவள் இருந்தாள். ஜொஹானா கெலி. விட்பி மைக்கேல் கின்ஸெல்லா, பவர் வீதி வண்டிக்காரர் பற்றிக் கின்ஸெல்லா ஆகியோரின் அன்புச் சகோதரி.

பேர்ணடெற் போட்ட கூச்சலில் நூலகமே திரும்பிப் பார்த்தது. நானும் சேர்ந்து கத்தினேன். வெட்கப்படவில்லை.

விட்பிக்கு என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். தலைவர் அந்த அறிவித்தலின் பிரதியை இரண்டு தரம் வாசித்தார், பிறகு கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தரம் வாசித்தார். கடைசியில் எல்லோருக்கும் முன்னால் பேர்ணடெற்றிடம் மன்னிப்புக் கேட்டு, சுவரில் தொங்கிய வரைபடத்தில் தன் கையாலேயே பற்றிக்கை எழுதினார். பேர்ணடெற் விம்மி விம்மி அழுதபடி அதற்குக் கீழே தகப்பனின் பெயர்வரை தானே எழுதினாள். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

தலைவர் பிறகு என் சேலையை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் யாருடைய ஆள், அம்மா?"

நான் வரைபடத்தில் அந்த வெட்டிய கோட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"ஜொஹானாவின் ஆள்" என்றேன்.