தட்டின் அடியில் கிடந்த கிளிப்

டீச்சரின் கார் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். மெக்கானிக் கையைக் கழுவிவிட்டு, கழற்றிய போல்ட்டுகளைப் போட்டுவைக்கும் தட்டைத் துடைக்க எடுத்தாள். அடியில், எண்ணெய்க்குள், நகம் அளவுக்கு ஒரு கிளிப் கிடந்தது. 

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி அது. கிளம்பும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ உதைப்பதுபோல் இருக்கிறது என்று டீச்சர் கொண்டுவந்திருந்தார். கியர் ஆயில் கருகிப்போயிருந்தது. அதை மாற்றுவதற்காகக் கியர் கம்பியையும் கியர் பெட்டியையும் இணைக்கிற கேபிளைக் கழற்றி, திரும்ப மாட்டினாள். ஓட்டிப் பார்த்தபோது அலுங்காமல் குலுங்காமல் போனது. ஆனால் கேபிளைப் பிடித்துவைப்பது அந்தக் கிளிப்தான். கேபிள் கழன்றுவிட்டால், கம்பியை வண்டியை நிறுத்துகிற 'பி'க்குத் தள்ளினாலும் கியர் பெட்டி ஓட்டுகிற 'டி'யிலேயே இருக்கும். டீச்சருக்கோ கைபிரேக் போடுகிற பழக்கமே கிடையாது.

போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வேறு குரல் பேசியது.

"அக்கா போனை வண்டியிலயே வச்சுட்டுப் போயிட்டா. நான் தங்கச்சி. நீங்க யாரு?"

"மெக்கானிக் பேசறேன். வண்டி எங்க நிக்குது?"

"ஆஸ்பத்திரி வாசல்ல, ஏத்தத்துல. அக்கா சீட்டு வாங்க உள்ள போயிருக்கா. குழந்தை என் மடியில தூங்குது, அதான் ஏசி ஓடுது."

எஞ்சின் ஓடுகிறது. "வண்டி அசையுதா?"

"லேசா முன்ன போகுது, பின்ன வருது. இது சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களாமே? சாவியத் திருப்பி அணைச்சிடட்டுமா?"

"வேண்டாம். சாவியத் தொடாதீங்க." எஞ்சின் இழுக்கிற இழுப்பில்தான் அந்த வண்டி ஏற்றத்தில் நிற்கிறது. அணைத்தால் பின்னால் உருண்டுவிடும். "பின்னாடி யாராவது இருக்காங்களா?"

"சக்கர நாற்காலில ஒருத்தர் இருக்கார். ஏங்க, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஒரு கைப்பிடி இருக்கும். போனை வச்சுட்டு, ரெண்டு கையாலயும் அத மேல இழுங்க. முடிஞ்ச மட்டும் இழுங்க."

போன் எங்கோ விழுந்த சத்தம் கேட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. யாரோ கத்தினார்கள், என்னவென்று புரியவில்லை. மெக்கானிக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இழுத்துட்டேன்," என்றது குரல் கடைசியில். "நின்னுடுச்சு. ஆனா கொஞ்சம் பின்னால போயிடுச்சு. அந்தப் பெரியவர யாரோ பிடிச்சு நகர்த்திட்டாங்க."

ஸ்கூட்டரை எப்படி ஓட்டிக்கொண்டு போனாள் என்பது அவளுக்கே நினைவில்லை. சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்து, எஞ்சினை அணைத்து, முன்பக்க மூடியைத் திறந்தாள். கேபிள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் கிளிப் மூன்று தடவை நழுவியது.

"நான்தான் மாட்ட மறந்துட்டேன், டீச்சர்," என்றாள் நிமிர்ந்து.

டீச்சர் அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்திருந்தார். குழந்தையைத் தங்கையிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சரியாயிடுச்சு. நீங்களே ஓட்டிட்டுப் போகலாம்," என்றாள் மெக்கானிக்.

"நீங்க எடுத்துட்டுப் போங்க," என்றார் டீச்சர். "நாங்க வாடகை வண்டில போய்க்கறோம். நாளைக்கு எல்லாத்தையும் இன்னொரு தடவை பாருங்க. நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்."

நாலு பேர் முன்னால் நன்றாகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.