எரியாத ஆறு கத்திகள்

ஐந்தாவது கத்தியும் எரியவில்லை. சுஜாதா அதை உதறினாள். நீலமாக மின்னியது. மேசைமேல் வைத்தாள். அணைந்தது. எடுத்தாள், எரிந்தது. வைத்தாள், அணைந்தது.

"சனியனே, கையில வெச்சிருந்தாதான் எரிவியா? கீழ வெச்சா மானம் போயிடுமா உனக்கு?" என்று அதைத் திட்டினாள்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் மாறுவேட உடைகளை வாடகைக்கு விடும் சின்னக் கடை அது. சுவரில் ராவணனின் ஒன்பது தலைகள் தொங்கின. பத்தாவதைத் தொலைத்துவிட்டுத்தான் ஏதோ ஒரு பள்ளிக்கூடம் மற்றவற்றைத் திருப்பித் தந்திருந்தது. தலைகளுக்குக் கீழே ஸ்டூலில் கொழுந்தன் மோகன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்று விஜயதசமி. சாயங்காலம் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பு மேடையில் நாட்டியம். ஆறு சிறுமிகள், ஆறு துர்க்கைகள், ஆளுக்கொரு ஒளிரும் கத்தி. வெள்ளைக் குழாயும் விளக்குப் பட்டியும் வாங்கி அவற்றைச் செய்தவன் சுஜாதாவின் புருஷன் பார்த்திபன். தை மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லாரி அவனைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு கடைக்கு வந்த முதல் வேலை இதுதான். இது ஒழுங்காக முடிந்தால் கடை சுஜாதாவிடம் இருக்கும், சொதப்பினால் மொபைல் கவர் விற்கிற ஒருவனுக்கு விட்டுவிடலாம் என்று மோகன் சொல்லியிருந்தான். அழுது ஓய்ந்திருந்த ஒரு நாளில் அவளும் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

"முந்தாநேத்து ஆறும் எரிஞ்சுதுடா. நீயே போட்டோ புடிச்சியே."

"எரிஞ்சுது. இப்ப எரியலியே. இன்னா பண்றது அண்ணி?"

"வாய மூடிகினு அந்தக் கத்திரியக் குடு."

பார்த்திபன் செய்த வேலை எதுவும் சுலபத்தில் பிரியாது. கைப்பிடிக் குழாய்க்குள் மூன்று பென்சில் பேட்டரிகள் ஒன்றன் தலையில் ஒன்றாக நிற்க வேண்டும். அடியில் ஸ்பிரிங், மேலே செம்புத் தகடு ஒட்டிய மூடி. பிள்ளைகள் மூடியைத் திருகிவிடக் கூடாதென்று அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றச் சொல்லுவான். முந்தாநாள் புது பேட்டரி போட்டபோது அவளும் அப்படியே சுற்றியிருந்தாள். இப்போது நகம் உடைந்தது. மனுஷன் போயும் இவளை வேலை வாங்குகிறான். ஒரு பெட்டி, ஒரு ஸ்விட்ச் என்று எல்லோரையும்போலச் செய்திருந்தால் என்ன? இருந்திருந்தால் நேரிலேயே கேட்டிருப்பாள். கேட்க முடியாத கோபம் டேப்பின் மேல் போயிற்று.

போன் அடித்தது. நடன டீச்சர் வைஷாலி.

"அக்கா, கத்தி ரெடியா? பொண்ணுங்க ஒத்திகைக்கு வந்துட்டாங்க."

"ரெடி டீச்சர். துடைச்சிகினு இருக்கேன்."

மோகன் ராவணனைப் பார்த்துச் சிரித்தான்.

டேப் பிரிந்தது. மூடியைத் திருகிக் குழாயைக் கவிழ்த்தாள். பேட்டரிகள் உள்ளங்கையில் விழுந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் பழுப்பும் சிவப்புமாக ஏதோ அப்பியிருந்தது. மூடியின் தகட்டிலும் அதே.

மோகன் எட்டிப் பார்த்தான். "துரு. நான் சொல்லல? உப்புக் காத்து அண்ணி. என் வண்டி சைலன்சரே போயிடுச்சு. இதத் தூக்கிப் போட்டுட்டு டீச்சருக்கு போனப் போடு."

சுஜாதாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த ஊரில் ஜன்னல் கம்பி முதல் சேஃப்டி பின் வரை எல்லாம் துருப்பிடிக்கும். ஆனால் முந்தாநாள் கவர் பிரித்துப் போட்ட பேட்டரி எப்படித் துருப்பிடிக்கும்? நகத்தால் சுரண்டினாள். துரு இப்படி மாவாக உதிராது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம்.

மற்ற கத்திகளையும் பிரித்தாள். எல்லாப் பேட்டரிக்கும் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். காய்ந்து ஓடாகிப்போன பொட்டு குறுக்கே நின்றால் கரண்ட் எப்படிப் பாயும்?

சாப்பாட்டுத் தூக்குடன் மாமியார் சின்னப்பொண்ணு கடைக்குள் வந்தாள். மேசையில் வரிசையாகக் கிடந்த பேட்டரிகளைப் பார்த்ததும் தூக்கைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"அத்தே, இது இன்னா?"

"இன்னான்னா? நேத்து ஆயுத பூஜை."

"நம்ம வூட்லதான் இந்த வருஷம் எந்தப் பூஜையும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? ஆண்டு முடியல, வாசல்ல கோலம் கூடக் கூடாதுன்னு என்னைத் திட்டினீங்களே?"

"அதான் வெளிய வெக்கல." கிழவியின் குரல் இறங்கியது. "வருஷா வருஷம் அவன் சாமான அவனே எடுத்தாந்து குடுப்பான். பொட்டு வைம்மான்னுவான். இந்த வருஷம் மட்டும் இதுங்கள மூளியா வுடச் சொல்றியா? ஊரு பாத்தாதான குத்தம்? நேத்து வூட்டுக்கு எடுத்தாந்தியே, நீங்க தூங்கினப்புறம் தொறந்து உள்ள வெச்சேன். டேப்பக் கூட உன்ன மாதிரியே சுத்தி வெச்சேன். யாரு பாத்தா?"

"பேட்டரி பாத்துச்சு அத்தே!"

மோகன் சிரிக்கத் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சுஜாதாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. காலையிலிருந்து ஸ்பிரிங்கைச் சபித்து, கடற்காற்றைச் சபித்து, செத்துப்போன மனுஷனையும் சபித்தாகிவிட்டது. உப்புத்தாளை இரண்டாகக் கிழித்தாள். ஒரு துண்டை மோகன் மடியில் எறிந்தாள்.

"தேய்டா. தகடு பளபளன்னு வரணும்."

ஆறு கத்தியையும் தேய்த்து, துடைத்து, தளர்ந்த ஸ்பிரிங்குகளை இழுத்துவிட்டு மூடினார்கள். ஆறும் எரிந்தன. மேசையில் வைத்தபோதும் எரிந்தன. மாமியார் அவற்றைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்தாள்.

"குங்குமம் இருக்கா கையில?" என்று கேட்டாள் சுஜாதா.

சின்னப்பொண்ணு தயங்கித் தயங்கி முந்தானை முடிச்சைத் தொட்டாள்.

"வெளிய வைங்க. கைப்பிடி மேல, நல்லாத் தெரியற மாதிரி."

"ஏம்மா, ஆண்டு முடியலியே. ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு வந்து பேட்டரி மாட்டித் தராது. எனக்கு இன்னொரு தரம் இத சுரண்ட முடியாது. வைங்க."

கிழவி வைத்தாள். வாசலைப் பார்த்துக்கொண்டே வைத்ததில் ஒன்றிரண்டு கோணலாக விழுந்தன.

மேடையில் ஆறு நீலக் கத்திகள் சுழன்றன. மகிஷன் விழ வேண்டிய நேரத்தில் ஓரத்துத் துர்க்கையின் கத்தி பொசுக்கென்று அணைந்தது. சுஜாதா பல்லைக் கடித்தாள். அந்தப் பெண் கத்தியை ஒரு தரம் பார்த்தாள், பிறகு மகிஷனின் அட்டைக் கொம்பில் ஓங்கி ஒன்று வைத்தாள். கத்தி எரிந்தது. மகிஷன் "ஐயோ" என்று நிஜமாகவே அலறிக்கொண்டு விழுந்தான். கூட்டம் விசிலடித்தது.

மோகன் குனிந்து சுஜாதாவின் காதருகே சொன்னான்: "அந்த ஸ்பிரிங்கு லூசு அண்ணி. நாளைக்குச் செங்கல்பட்டு போறேன், புதுசு வாங்கியாறேன்."

"கெட்டியானதா வாங்கு," என்றாள் சுஜாதா, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆறு போதாது. டீச்சர் கிறிஸ்துமஸ் ஆட்டத்துக்கும் வெளக்குக் கோலு கேட்டாங்க."